வாழ்க்கைத்துணை இணைவும் வதிவுரிமையும்: காவிரிப் படுகையிலிருந்து ஐரோப்பா செல்லும் மணமகளிர் எதிர்கொள்ளும் குடியேற்ற விதிகள்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பாவில் வாழும் தமிழரை மணக்கும் இந்தியப் பெண், கணவருடன் சேர்ந்து வாழ்வதற்கு எந்தச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறுகிறார் என்பது திருமணத்தின் செல்லுபடியைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. கணவரின் குடியுரிமை எது, அவர் வாழும் நாடு எது என்னும் இரண்டு வினாக்களே அதனைத் தீர்மானிக்கின்றன. தஞ்சாவூர் மாவட்டம் பூதலூரை ஒத்த சிற்றூரிலிருந்து புறப்படும் மணமகள் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஐந்து வகை மணமகன்களுக்கு ஏற்ப அவர் செல்ல வேண்டிய சட்ட வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. புதுச்சேரி, காரைக்கால் பிரெஞ்சுக் குடியுரிமையின் வரலாறு, ஐரோப்பிய ஒன்றிய நெறியாணைகள், ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகள், தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுமுறை ஆகியன இதற்கு அடிப்படையாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: குடும்ப இணைவு, வதிவுரிமை, புலம்பெயர் திருமணம், காரைக்கால், ஏற்பாட்டுத் திருமணம், வழிப்பெறும் உரிமை.

முன்னுரை

தலைவன் பொருள்வயிற் பிரிகையில் கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் நூற்பா ஒன்றுக்கு உரையாசிரியருள் ஒரு சாரார் கொள்ளும் பொருள். கடல் கடத்தல் ஆடவர்க்குரியது, காத்திருத்தல் மகளிர்க்குரியது என்னும் அவ்வழக்கு இன்று மாறிவிட்டது. ஆயினும் காத்திருத்தல் மறையவில்லை. மரபாக இருந்த அது இன்று விசாவாக வடிவம் மாறியுள்ளது.

கல்லணைக்கும் தஞ்சாவூருக்கும் இடைப்பட்ட நெல்வயற் பரப்பில், திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையில் அமைந்த ஊர் பூதலூர். இத்தகைய ஊர்களில் வெளிநாட்டு மாப்பிள்ளை என்னும் சொல் ஒரே பொருளில் வழங்குகிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற காரைக்கால்காரர், செருமனியில் பணிபுரியும் கணினிப் பொறியாளர், நார்வேயில் குடியேறிய ஈழத்தமிழர், இலண்டனில் வாழும் தமிழர் ஆகிய அனைவரும் பேச்சுவழக்கில் ஒரு வகையினரே. சட்டத்தின் பார்வையிலோ இவர்கள் வெவ்வேறு வகையினர். இவ்வேறுபாடு தெரியாமல் முடிக்கப்படும் திருமணங்களில் மணமகள் ஆண்டுக்கணக்கில் பிறந்த வீட்டிலேயே தங்க நேரிடுகிறது. எனவே இவ்விதிகளைத் தமிழில் தெளிவுபடுத்துவது சமூகவியல் ஆய்வுக்கும் சட்ட விழிப்புணர்வுக்கும் இன்றியமையாததாகிறது.

காரைக்கால்: ஐரோப்பியக் குடியுரிமையின் உள்ளூர் வேர்

காவிரிப் படுகையைப் பொறுத்தவரை ஐரோப்பியக் குடியுரிமை தொலைவிலிருந்து வந்த ஒன்றன்று. படுகையின் கடைமடையிலுள்ள காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய பகுதிகளின் ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வொப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகள் இவ்வாய்வுக்கு முதன்மையானவை. அப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாயினர். ஆனால் ஆறு மாதத்திற்குள் எழுத்துவழி அறிவிப்புச் செய்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அப்பகுதிகளில் பிறந்து, அவற்றுக்கும் இந்தியாவுக்கும் வெளியே வாழ்ந்தவர்கள் அறிவிப்பு ஏதுமின்றியே பிரெஞ்சுக் குடிமக்களாக நீடித்தனர். அந்த ஆறு மாத முடிவின் விளைவு தலைமுறை கடந்து தொடர்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோர்வழி பிள்ளைகளுக்குச் செல்வதால், 1962-இல் பாட்டனார் எழுதிக்கொடுத்த அறிவிப்பு இன்று பேரனை ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாக ஆக்கியுள்ளது. காரைக்காலுக்கும் தஞ்சைப் பகுதி ஊர்களுக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை இயல்பானது. ஆகவே மாவட்ட எல்லையைத் தாண்டும் திருமணம் ஒன்று, சட்ட நோக்கில் கண்டத்தின் எல்லையைத் தாண்டும் திருமணமாகிவிடுகிறது.

இரு நெறியாணைகள், ஒரு விடுபாடு

ஐரோப்பிய ஒன்றியத்தில் நெறியாணை என்பது உறுப்பு நாடுகள் தத்தம் சட்டத்தில் ஏற்றுச் செயற்படுத்த வேண்டிய பொது ஆணையாகும். வாழ்க்கைத்துணை இணைவு குறித்து இரு நெறியாணைகள் உள்ளன.

முதலாவது, 2003 செப்டம்பர் 22-இல் இயற்றப்பட்ட 2003/86 எண் நெறியாணை. இது ஒன்றியத்தில் சட்டப்படி வாழும் பிறநாட்டவர் தம் குடும்பத்தை அழைத்துக்கொள்வதற்குரியது. நிலையான வருமானம், போதிய வீடு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கோரவும், ஒருங்கிணைவு நடவடிக்கை என்னும் பெயரில் மொழித்தேர்வு முதலியவற்றை விதிக்கவும், இருவருக்கும் 21 வயதுவரை குறைந்த அளவு வயது குறிக்கவும் இது நாடுகளுக்கு இடமளிக்கிறது. ஆயினும் அந்த அதிகாரம் வரம்பற்றதன்று. குறித்த தொகைக்குக் கீழ் வருமானம் உள்ளது என்பதைக் கொண்டே விண்ணப்பத்தைத் தள்ளாமல் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும் எனச் சக்ரூன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010 மார்ச் 4-இல் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, 2004 ஏப்ரல் 29-இல் இயற்றப்பட்ட 2004/38 எண் நெறியாணை. இது ஒன்றியக் குடிமக்களும் அவர்தம் குடும்பத்தினரும் உறுப்பு நாடுகளிடையே தடையின்றி இடம்பெயர்வதற்குரியது. இதன்படி வாழ்க்கைத்துணைக்குரிய நுழைவு விசா கட்டணமின்றியும் விரைவு நடைமுறையிலும் வழங்கப்பட வேண்டும். வதிவுரிமை அட்டை, விண்ணப்பித்த ஆறு மாதத்திற்குள் வழங்கப்பட வேண்டும். அது பொதுவாக ஐந்தாண்டுகள் செல்லும். கணவர் பணியாளராகவோ தொழில் நடத்துபவராகவோ இருந்தால் தனி வருமான வரம்பு இல்லை. மொழித்தேர்வும் இல்லை. ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்தபின் நிலையான வதிவுரிமை கிடைக்கும்.

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு விடுபாடு உள்ளது. முதல் நெறியாணை ஒன்றியக் குடிமகனின் குடும்பத்திற்குப் பொருந்தாது. இரண்டாம் நெறியாணை, குடிமகன் தன் சொந்த நாடல்லாத வேறோர் உறுப்பு நாட்டில் வாழும்போதே பொருந்தும். ஆகவே சொந்த நாட்டை விட்டு நகராத ஒன்றியக் குடிமகன் இரண்டிலும் அடங்கான். அவன் மனைவிக்கு அந்நாட்டின் உள்நாட்டுச் சட்டமே கதி. அயல் நாட்டிலிருந்து வந்தவனைவிட உள்நாட்டுக் குடிமகன் குறைந்த உரிமை பெறும் இந்நிலையைச் சட்ட அறிஞர் தலைகீழ்ப் பாகுபாடு என்பர்.

இவ்விடுபாட்டை ஓரளவு நிரப்பியது இந்தியர் ஒருவரின் வழக்கு. சுரீந்தர் சிங் என்னும் இந்தியக் குடிமகன் 1982-இல் பிரித்தானியப் பெண்ணை மணந்தார். இருவரும் 1983 முதல் 1985 வரை செருமனியில் பணியாற்றிப் பின்னர் பிரித்தானியா திரும்பினர். வேறோர் உறுப்பு நாட்டில் பணியாற்றித் தன் நாடு திரும்பும் குடிமக்களின் வாழ்க்கைத்துணைக்கும் ஒன்றியச் சட்ட உரிமை உண்டு என 1992 ஜூலை 7-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரளவில் சில நாள் அயல்நாட்டில் தங்கித் திரும்பினால் போதாது. அங்கு வாழ்ந்த காலம் உண்மையான குடும்ப வாழ்வாக அமைய வேண்டும் என 2014 மார்ச் 12-ஆம் நாள் தீர்ப்பு அதனை வரையறுத்தது. வாழ்க்கைத்துணை முன்னரே வேறோர் உறுப்பு நாட்டில் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும் என நாடுகள் நிபந்தனை விதித்தல் ஆகாது என்பது 2008 ஜூலை 25-இல் மெட்டாக் வழக்கில் உறுதிப்பட்டது.

ஒரே மணமகள், ஐந்து வாயில்கள்

மேற்கண்ட விதிகளின் விளைவைக் காண, பூதலூர் மணமகள் ஒருவர் ஐந்து வகை மணமகன்களை மணக்கும் சூழல்களை ஒப்பிடலாம். மணமகளின் கல்வி, வயது, திருமண முறை யாவும் ஐந்திலும் ஒன்றே எனக் கொள்க.

முதற்சூழல்: மணமகன் பிரெஞ்சுக் குடிமகன், பிரான்சிலேயே வாழ்கிறார். இங்குப் பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டமே பொருந்தும். பிரெஞ்சுக் குடிமகனின் துணைக்கு வருமான வரம்பு இல்லை. மோசடி, திருமணம் செல்லாமை, பொது ஒழுங்கிற்கு ஊறு ஆகிய காரணங்களாலேயே நீண்டகால விசா மறுக்கப்படலாம். பிரான்சு சென்ற மூன்று மாதத்திற்குள் அவ்விசாவை உறுதிசெய்துகொள்ள வேண்டும். விதிகள் எளியவை போலத் தோன்றினும் கடினமான படி அதற்கு முன்னரே வருகிறது. 2006 நவம்பர் 14-ஆம் நாள் சட்டத்தின்படி, வெளிநாட்டில் மணம் செய்யும் பிரெஞ்சுக் குடிமக்கள் திருமணத்திற்கு முன்பே தூதரகத்தில் மணத்தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். திருமணத்திற்குப் பின் அதனைப் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் பெயர்த்துப் பதிய வேண்டும். முன்சான்றிதழ் இன்றி முகூர்த்தம் முடிந்துவிட்டால் பதிவேற்றம் நீண்ட விசாரணைக்கு உட்படும்.

இரண்டாஞ்சூழல்: அதே பிரெஞ்சுக் குடிமகன் செருமனியில் பணிபுரிகிறார். இப்போது 2004/38 நெறியாணை முழுமையாகப் பொருந்தும். விசாக் கட்டணமும் செருமன் மொழித்தேர்வும் இல்லை.

மூன்றாஞ்சூழல்: மணமகன் செருமானியக் குடியுரிமை பெற்ற தமிழர்; செருமனியில் வாழ்கிறார். 2007 ஆகஸ்ட் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, மணமகள் புறப்படுவதற்கு முன்பே தொடக்கநிலைச் செருமன் மொழியறிவை மெய்ப்பிக்க வேண்டும். பூதலூர்ப் பெண் அதற்காகச் சென்னை முதலிய நகரங்களில் தங்கிப் பயில நேரிடலாம். அண்டை வீட்டுப் பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு இல்லாத தேர்வு, அந்நாட்டுக் குடிமகனின் மனைவிக்கு உண்டு. தலைகீழ்ப் பாகுபாட்டிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்காஞ்சூழல்: மணமகன் இந்தியக் குடிமகன், நீல அட்டை பெற்றுச் செருமனியில் பணிபுரியும் பொறியாளர். திறன்மிகு பணியாளரை ஈர்க்கும் நோக்கில் இவ்வட்டையாளரின் துணைக்கு முன்மொழித் தேர்வு தேவையில்லை என விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. குடியுரிமை பெற்றவரின் மனைவியைவிட இந்தியக் குடிமகனின் மனைவி எளிதில் நுழைகிறார். ஏதிலித் தகுதியில் வாழும் தமிழரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஏதிலிகளுக்கு 2003/86 நெறியாணை வழங்கும் சலுகைகளை, அவர்கள் அந்நாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அமைந்த குடும்ப உறவுக்கு மட்டும் என நாடுகள் சுருக்கிக்கொள்ள இடமுண்டு. பின்னர் மணந்த பெண்ணுக்குப் பொது விதிகளே பொருந்தும்.

ஐந்தாஞ்சூழல்: மணமகன் பிரித்தானியக் குடிமகன். ஒன்றியத்திலிருந்து விலகிய பிரித்தானியாவில் உள்நாட்டு விதிகளே செல்லும். 2012 ஜூலையில் ஆண்டுக்கு 18,600 பவுண்டாக நிறுவப்பட்ட குறைந்த அளவு வருமான வரம்பு, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. 2010 நவம்பர் முதல் தொடக்கநிலை ஆங்கிலத் தேர்வும் உண்டு. கணவரின் ஊதியம் வரம்பிற்குக் கீழிருந்து, ஈடுகட்டும் சேமிப்பும் இல்லையெனில் மனைவிக்கு வழி பெரும்பாலும் அடைபடுகிறது. இவற்றோடு தென்மார்க்கின் விதியும் ஒப்பிடத்தக்கது. 2003/86 நெறியாணையில் பங்கேற்காத அந்நாடு, 2002 முதல் கணவன் மனைவி இருவரும் 24 வயது கடந்திருக்க வேண்டும் எனப் பொதுவிதி வகுத்துள்ளது.

ஐந்து சூழல்களிலும் மணமகளும் திருமணமும் மாறவில்லை. மாறியவை கணவரின் கடவுச்சீட்டும் அவர் வாழும் நாடுமே.

ஆவணங்களின் பயணம்

எவ்வாயிலாயினும் அதன் முதற்படி தமிழ்நாட்டிலேயே உள்ளது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லாச் சமயத்தாரின் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கியது. கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த திருமணத்திற்கு அழைப்பிதழும் ஒளிப்படமும் சான்றாகலாம். ஆனால் தூதரகம் கேட்பது சார்பதிவாளர் வழங்கிய சான்றிதழையே. மணமக்கள் இருவரும் இந்துக்களாயின் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தும். 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சுயமரியாதைத் திருமணமும் அதில் அடங்கும். காரைக்கால் கிறித்தவரும் தஞ்சை இந்துவும் தத்தம் சமயத்திலேயே நின்று மணப்பதாயின் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் 30 நாள் முன்னறிவிப்புத் தேவை. விடுப்பில் மூன்று வாரத்திற்கு வரும் மணமகனுக்கு இந்த 30 நாளே பெருந்தடையாகிவிடும்.

பதிவுக்குப் பின் சான்றொப்பம் வருகிறது. அயல்நாட்டு ஆவணங்களை ஏற்பதற்கான ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவைப் பொறுத்தவரை 2005 ஜூலை 14-இல் நடைமுறைக்கு வந்தது. பிரான்சு இதனை ஏற்கிறது. செருமனியோ இந்தியாவின் இணைவுக்கு மறுப்புத் தெரிவித்ததால், அந்நாட்டுக்கு அப்போஸ்டில் மட்டும் போதாது. தூதரகம் உள்ளூர் வழக்கறிஞர் வழியாக ஆவணங்களின் உண்மைத்தன்மையை ஆராயும் நடைமுறையும் உண்டு.

இங்குத் தமிழர் பெயரிடும் முறை ஒரு தனிச் சிக்கலாகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபில் குடும்பப் பெயர் என்பது இல்லை. ஐரோப்பியப் பதிவேடுகளோ குடும்பப் பெயர், தனிப்பெயர் என்னும் இரு கட்டங்களைக் கொண்டவை. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தும், கடவுச்சீட்டில் விரித்தெழுதிய தந்தை பெயரும், பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயரும் இருக்குமாயின், ஒரே பெண் மூவராகத் தோற்றமளிப்பார். பிரெஞ்சிந்தியாவில் 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி தம் சமூகவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போதே குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டனர். காரைக்காலில் அவர்தம் வழியினர் அன்றே கடந்த தடையை, பூதலூர் மணமகள் இன்று எதிர்கொள்கிறார்.

ஏற்பாட்டுத் திருமணமும் ஐயப்பாடும்

வதிவுரிமைக்காகவே செய்யப்படும் போலித் திருமணத்தைத் தடுக்க நாடுகளுக்கு உரிமை உண்டு. 2004/38 நெறியாணையின் 35-ஆம் பிரிவு இதனை வெளிப்படையாகக் கூறுகிறது. பெற்றோர் பேசி முடித்த திருமணம், மணமக்கள் சிலமுறையே சந்தித்துள்ள திருமணம் ஆகியவை ஐரோப்பிய அலுவலர் பார்வையில் எளிதில் ஐயத்திற்கு இடமாகின்றன. பிரித்தானியாவின் முதன்மை நோக்க விதி, திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றமன்று என விண்ணப்பிப்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. தென்னாசிய ஏற்பாட்டுத் திருமணங்களைப் பெரிதும் பாதித்த அவ்விதி 1997-இல் நீக்கப்பட்டது. ஐயப்பாடு எந்த எல்லைவரை செல்லும் என்பதற்கு 1979-இல் வெளிவந்த இலண்டன் ஹீத்ரூ விமான நிலைய நிகழ்வு சான்று. மணம்செய்ய வந்த இந்தியப் பெண் ஒருவர் அங்குக் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார்.

ஐரோப்பிய ஆணையத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குடியேற்ற நன்மை தருகிறது என்பதாலேயே ஒரு திருமணம் போலியாகாது என்கிறது. 2014-ஆம் ஆண்டுக் கையேடு ஏற்பாட்டுத் திருமணத்தைப் போலித் திருமணத்தினின்று வேறுபடுத்துகிறது. எனினும் நடைமுறையில் மெய்ப்பிக்கும் சுமை சடங்கின் மீதே விழுகிறது. ஈழத்தமிழர் திருமணங்களை ஆராய்ந்த சித்தார்த்தன் மௌனகுரு 2019-இல் வெளியிட்ட நூலில், திருமண ஒளிப்படத் தொகுப்பு தூதரகத்திற்குரிய சான்றாவணமாக மாறும் நிலையை விளக்கியுள்ளார். உறவினருக்காக எடுக்கப்பட்ட படம் அலுவலருக்காக எடுக்கப்படுவதாகிறது. சடங்கை எளிமையாக நடத்தும் குடும்பம் இதனால் பாதிக்கப்படக்கூடும் என்பது கருதத்தக்கது.

வழிப்பெறும் உரிமையும் அதன் விளைவும்

மேற்கண்ட உரிமைகள் யாவும் மணமகளுக்கு நேரடியாக உரியவையல்ல. கணவர் வழியாகப் பெறப்படுபவை. உறவு முறியும்போதே இதன் முழுப்பொருள் விளங்கும். 2004/38 நெறியாணையின் 13-ஆம் பிரிவுப்படி, திருமணம் மூன்றாண்டு நீடித்து அதில் ஓராண்டாவது அந்நாட்டில் கழிந்திருந்தால், மணமுறிவுக்குப் பின்னும் துணைவரின் வதிவுரிமை தொடரலாம். குடும்ப வன்முறை முதலிய கடுஞ்சூழல்களில் அக்கால வரம்பு இல்லை.

ஆயினும் குல்தீப் சிங் முதலானோர் வழக்கில் 2015 ஜூலை 16-இல் வழங்கப்பட்ட தீர்ப்பு ஒரு கண்ணியை வெளிப்படுத்தியது. மணமுறிவு வழக்குத் தொடங்குவதற்கு முன்பே ஒன்றியக் குடிமகனாகிய துணை நாட்டை விட்டுச் சென்றால், தங்கியிருப்பவர் அவ்வுரிமையை இழப்பார். வன்முறைக்கு உள்ளானவர் பொறுத்தவரை இக்கடுமை 2021 செப்டம்பர் 2-ஆம் நாள் தீர்ப்பால் தளர்த்தப்பட்டது. துணை வெளியேறிய பின் நியாயமான காலத்திற்குள் மணமுறிவு வழக்குத் தொடங்கினால் போதும் என்றது அத்தீர்ப்பு.

இவ்வளவு காப்பும் ஐரோப்பாவை அடைந்த பெண்ணுக்கே. திருமணமாகியும் அழைத்துக்கொள்ளப்படாத பெண்ணுக்கு இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. பிரெஞ்சு நடைமுறையில் திருமணப் பதிவேற்றத்தைக் கோர வேண்டியவர் பிரெஞ்சுக் குடிமகனாகிய கணவரே. அவர் கோராவிடில் பூதலூரில் இருக்கும் மனைவி எத்தூதரகத்தின் வாயிலிலும் தாமே தொடங்கக்கூடிய படி ஏதுமின்றி நிற்கிறார். இந்தியச் சட்ட ஆணையம் 2009-இல் தன் 219-ஆம் அறிக்கையிலும், 2024-இல் தன் 287-ஆம் அறிக்கையிலும் அயல்நாட்டு இந்தியர் திருமணச் சிக்கல்களை ஆராய்ந்தது. பின்னது, இத்தகைய திருமணங்களின் கட்டாயப் பதிவையும் கடவுச்சீட்டில் திருமண நிலையைக் குறிப்பதையும் பரிந்துரைத்தது. அயல்நாட்டு இந்தியர் திருமணப் பதிவு மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமாயினும் சட்டமாகவில்லை.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. வாழ்க்கைத்துணை இணைவுக்குரிய விதி, மணமகளின் தகுதியைவிடக் கணவரின் குடியுரிமையையும் வாழும் நாட்டையும் சார்ந்தே அமைகிறது. ஆகவே மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார் என்பதோடு எந்த நாட்டின் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பதும் திருமணப் பேச்சில் கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.

2. காரைக்கால் வழிப் பிரெஞ்சுக் குடியுரிமை காரணமாக, ஐரோப்பியக் குடியேற்றச் சட்டம் காவிரிப் படுகையின் உள்ளூர்ச் சமூக வரலாற்றோடு பிணைந்துள்ளது.

3. மணத்தகுதிச் சான்றிதழ், முன்மொழித் தேர்வு, பெயர் ஒருமைப்பாடு ஆகிய மூன்றும் முகூர்த்தத்திற்கு முன்பே கருதப்பட வேண்டியவை.

4. வழிப்பெறும் உரிமை என்னும் கோட்பாடு, ஐரோப்பாவை அடைந்த மனைவிக்கு ஓரளவு காப்பளிக்கிறது. அழைக்கப்படாத மனைவிக்கு அளிப்பதில்லை. அவ்விடைவெளியை நிரப்பும் பொறுப்பு இந்தியச் சட்டத்தைச் சார்ந்தது.

புலம்பெயர் ஆய்வுகள் பெரும்பாலும் சென்று சேர்ந்தவர்களைப் பற்றியே அமைகின்றன. திருமணப் பதிவுச் சான்றிதழோடு ஊரிலேயே காத்திருக்கும் பெண்களைப் பற்றிய கள ஆய்வுகள், வட்ட அளவில் மேற்கொள்ளப்பட வேண்டும்.